சினம்பலுகாங் மனோக்: பிலிப்பைன்ஸ் புளிப்புக் கோழி சூப் – உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, சினிகாங், சினம்பலுகாங் இரண்டும் ஒன்றுதானா?

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. சினிகாங்கும் பிலிப்பைன்ஸ் புளிப்பு சூப்தான், அதில் பன்றி, மீன், இறால் எதுவும் வரலாம். பெரும்பாலும் எல்லாவற்றையும் நேராகத் தண்ணீரில் போட்டு வேகவைப்பார்கள். சினம்பலுகாங் பெரும்பாலும் கோழிதான். முதலில் வதக்கிவிட்டு, அப்புறம்தான் தண்ணீர். புளிப்புக்குப் புளியங்கொழுந்து. இஞ்சியும் பச்சைப் பப்பாளியும் போட்டுச் செய்கிற தினோலா என்ற கோழி சூப் வேறு. அதில் புளிப்பே கிடையாது.

கேள்வி: செய்முறையை முழுதாகச் சொல்லுங்களேன்.

ஒரு கிலோ கோழி, எலும்போடு. எலும்பில்லாத நெஞ்சுக்கறியில் இந்த சூப்புக்கு உயிர் வராது. எண்ணெயில் ஒரு விரல் நீளம் இஞ்சி, பூண்டு, வெங்காயம், இரண்டு தக்காளி வதக்குங்கள். தக்காளி கரைந்ததும் கோழியைப் போட்டு, பாதிஸ் என்கிற மீன் சாஸ் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். கறியின் நிறம் மாறியதும் அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீர் ஆறு கப். அந்த மாவுத்தன்மைதான் சாற்றுக்கு லேசான கனம் தரும், புளிப்பின் கூர்மையையும் தணிக்கும்.

நுரையை எடுத்துவிட்டு மெல்லிய தீயில் வேகவிடுங்கள். பிராய்லர் என்றால் அரை மணி நேரம் போதும், நாட்டுக்கோழிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கறி மெத்தென்று ஆனதும், ஈர்க்கிலிருந்து உருவிய புளியங்கொழுந்து ஒரு கப் அள்ளி, உள்ளங்கையில் லேசாகக் கசக்கிப் போடுங்கள். பிறகு முள்ளங்கி, காராமணிக்காய், கத்தரிக்காய், கீறாத நீளப் பச்சைமிளகாய். வெண்டைக்காயை முழுதாகப் போட்டால் வழவழப்பு இறங்காது. கடைசியாகக் கங்குங் என்கிற வள்ளைக்கீரை: தண்டு முதலில், இலை அடுப்பை அணைத்த பிறகு. அந்தச் சூட்டிலேயே இலை சுருண்டு வெந்துவிடும். உப்பு இப்போதுதான் பார்க்க வேண்டும், மீன் சாஸ் ஏற்கெனவே கரிக்கும்.

கேள்வி: சேப்பங்கிழங்கு கடைசிவரை வேகவில்லை. ஏன்?

புளிப்பை முதலிலேயே சேர்த்திருப்பீர்கள். புளிப்பு இருக்கிற தண்ணீரில் கிழங்கு இளக நேரம் பிடிக்கும். சேப்பங்கிழங்கு சேர்ப்பதானால், அது நன்றாக வெந்த பிறகுதான் கொழுந்தோ புளியோ. இந்த சூப்பில் இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கிறேன், கொழுந்துக்கு எங்கே போவேன்? பழைய புளி போட்டேன், நிறம் கறுத்துவிட்டது.

பழம்புளியில் இனிப்பும் கருமையும் உண்டு, இங்கே வேண்டியது பச்சைப் புளிப்பு. பிலிப்பைன்ஸ் கடைகளில் உறைய வைத்த புளியங்காய் கிடைத்தால், தோல் வெடிக்கும்வரை வேகவைத்து, மசித்து வடிகட்டிச் சாற்றை ஊற்றுங்கள். இல்லையென்றால் மாங்காய், பிலிம்பிக்காய். பிலிப்பைன்ஸிலும் இவை புளிப்புக்குப் போடுகிறவைதான். எலுமிச்சை என்றால் அடுப்பை அணைத்த பிறகு. சினிகாங் பொடி பாக்கெட்டும் சரி, ஆனால் அதிலேயே உப்பு இருக்கும். மீன் சாஸைப் பாதியாக்குங்கள்.

கேள்வி: மஞ்சள், மிளகுத்தூள் கொஞ்சம் சேர்க்கலாமா?

வேண்டாமே. அப்புறம் அது நம் ரசத்தின் பக்கம் போய்விடும். காரம் வேண்டுமென்றால் பிலிப்பைன்ஸ்காரர்கள் செய்வதுபோல், சின்னக் கிண்ணத்தில் மீன் சாஸ் ஊற்றி இரண்டு காந்தாரி மிளகாயை நசுக்கிப் போட்டு, கறித்துண்டை அதில் தொட்டுச் சாப்பிடுங்கள். சூப்பைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: மறுநாளைக்கு வைக்கலாமா?

கறியும் சாறும் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கீரைதான் பழுத்துவிடும். மிச்சம் வைப்பதாக இருந்தால் காயும் கீரையும் போடுவதற்கு முன்பே பாதியை எடுத்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடாக்கும்போது புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.