போக 2.40, வர 5.20: உம்மாவின் துபாய் டிக்கெட் கணக்கு

கீழக்கரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "துபாயில் இருக்கும் தம்பி, உம்மாவுக்கு மதுரையிலிருந்து நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்திருக்கிறான். பகல் 12 மணிக்குக் கிளம்பி 2.40-க்கு இறங்குமாம். திரும்பும்போது மாலை 4 மணிக்கு ஏறினால் இரவு 9.20 ஆகிறது. ஒரே தூரத்துக்கு இவ்வளவு வித்தியாசமா? உம்மாவுக்குச் சுகர் வேறு."

டிக்கெட்டில் தப்பில்லை. ஏறும் நேரம் ஏறும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. இரண்டையும் அப்படியே கழித்தால் குழப்பம்தான்.

நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. துபாய்க்கு 60 பாகைக் கணக்கு. நடுவில் 22½ பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 90 நிமிடம், அதாவது துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். 2.40 துபாய் நேரம் நமக்கு 4.10. ஆக, போகும் பயணம் 4 மணி 10 நிமிடம். வருவதில் அதே ஒன்றரையைக் கழித்தால் 3 மணி 50 நிமிடம்.

அப்படியும் 20 நிமிடம் இடிக்கிறதே என்றால், அது பெரும்பாலும் காற்றின் வேலை. கச்சான் காற்றை எதிர்த்து மேற்கே வள்ளம் ஓட்டியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் அரேபியா பக்கம் உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும் காற்று. ஆடி மாதத்தில் நம் தலைக்கு மேலே, மிக உயரத்தில் கிழக்கிலிருந்தும் ஒரு வேகக்காற்று உண்டு. அதைப் பற்றி 1958-இல் எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம்.

மதுரை–துபாய் நேர்வான் தூரம் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர். வான்வழித் தடங்கள் வளைவதால் பறக்கும் தூரம் கொஞ்சம் கூடும். நான் போடும் மனக்கணக்கு: தூரத்தை 800-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்ப்பது. இதற்கு 4 மணி 10 நிமிடம் வருகிறது. மதுரை–சென்னை போன்ற குட்டிப் பயணங்களுக்கு இந்தக் கணக்கு சற்றுக் குறைத்துக் காட்டும். இன்னொன்று, டிக்கெட் நேரம் சக்கரம் தரையை விடும் நேரமில்லை. நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரை.

உம்மாவின் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் துபாய்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். அன்று ஒருநாள் இந்திய நேரத்திலேயே விடுங்கள், உடம்புக்கு அதுதான் தெரியும். இன்சுலின் போடுகிறவர் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அப்புறம், வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது? வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 9 மணிக்கு, அங்கே இருக்க வேண்டும். பல விமானங்களுக்குக் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். டீக்கு நிறுத்தினாலும் மூன்று மணி நேரம் போதும். காலை 6 மணிக்குக் கார் ஏறுங்கள். மதுரை ஊருக்குள் நுழையவே வேண்டாம், விரகனூர் ரவுண்டானாவில் இடதுபுறம் ரிங் ரோட்டைப் பிடித்துவிடுங்கள்.