சான்றிதழுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

கேள்வி: என் தம்பி போக்சோ வழக்கில் தண்டனை முடிந்து அடுத்த மாதம் வெளியே வருகிறான். "90 நாள் தங்கிச் சிகிச்சை, இரண்டரை லட்சம், முழுக் குணம், சான்றிதழும் உண்டு" என்கிறார் ஒருவர். நகையை அடகு வைத்துச் சேர்க்கலாமா? அதன்பின் அவன் எங்களோடு இருக்கலாமா? எனக்கு எட்டு வயது மகள் இருக்கிறாள்.
– ஒரு சகோதரி, திருச்சி மாவட்டம்

மனநல மருத்துவர் பதில்:

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்கிறேன். கூடாது. என்ன சிகிச்சை எடுத்திருந்தாலும், உங்கள் மகள் வளரும் வீட்டில் அவர் தங்க வேண்டாம். பகலில் வந்து போனால்கூட, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தம்பி மனம் நோகுமே என்று பார்க்காதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். சிகிச்சையால் பலன் உண்டு, ஆனால் சிறிய பலன். பல நாடுகளில் சுமார் 10,000 குற்றவாளிகளைப் பற்றி நடந்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 10 பேரும், பெறாதவர்களில் ஏறக்குறைய 14 பேரும் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். குறைந்த அந்த நான்கு பேருக்குப் பின்னால், தப்பிய குறைந்தது நான்கு உயிர்கள் இருக்கின்றன. அதனால் அரசு இதற்குச் செலவழிப்பது நியாயம்தான். ஆனால் "முழுக் குணம்" என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

எல்லாச் சிகிச்சையும் ஒன்றல்ல என்பதையும் பாருங்கள். இங்கிலாந்துச் சிறைகளில் 1990-களிலிருந்து குழுவாக உட்கார வைத்து ஒரு சிகிச்சை கொடுத்தார்கள். 2017-இல் வெளியான அரசின் ஆய்வில், அதில் கலந்துகொண்டவர்களில் 10 சதவீதமும், கலந்துகொள்ளாதவர்களில் 8 சதவீதமும் மறுபடி பாலியல் குற்றம் செய்தது தெரியவந்தது. அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். சிறைக்கு வெளியே, அன்றாட வாழ்க்கைக்கு நடுவில், ஆளுக்கேற்ப நடக்கும் சிகிச்சையில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. 90 நாள் பூட்டி வைப்பது அந்த வகை அல்ல.

சிறை வாசலிலும் கோர்ட் வளாகத்திலும் சுற்றும் இந்த ஆட்களை எனக்குப் பல வருடமாகத் தெரியும். பாதி இடங்கள் குடிநோய் மறுவாழ்வு மையங்கள், பலகையை மட்டும் மாற்றியிருப்பார்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்கள். "ஒரே ஊசியில் ஆசை போய்விடும்" என்றும் சொல்வார்கள். ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்து இருப்பது உண்மை. ஆனால் எடுக்கும் வரைதான் வேலை செய்யும், எலும்பையும் பலவீனமாக்கும். மிகச் சிலருக்கு மட்டும், அவர்கள் சம்மதத்தோடு, தொடர்ந்து பரிசோதித்துத் தர வேண்டியது அது. அப்புறம் அந்தச் சான்றிதழ். தண்டனையையே முடித்துவிட்டு வருகிறவருக்கு அது எதற்கு? அது உங்களை நம்ப வைக்க, மகளை அவரோடு தனியே விட வைக்க மட்டுமே உதவும். அதனால்தான் அதைக் கண்டு பயப்படுகிறேன்.

ஒரு விலக்கு மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதங்கள் வாராவாரம் வருகின்றன. 19 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் காதலித்து வீட்டை விட்டுப் போனாலும் போக்சோதான் பாயும். இருவரும் விரும்பிப் போயிருந்தால், மிரட்டலோ ஏமாற்றோ இல்லையென்றால், அந்தப் பையனுக்கு இந்தச் சிகிச்சை தேவையில்லை. அவனுக்குத் தேவை நல்ல வக்கீல், பிறகு படிப்பு. இப்படிப்பட்ட ஒரு வழக்கை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. ஆனால் பெண்ணுக்கு 12 வயது, ஆணுக்கு 26 என்று வைத்துக்கொண்டு "காதல்தான் டாக்டர்" என்று என்னிடம் வராதீர்கள். உங்கள் தம்பியின் வழக்கு இந்த விலக்கில் வருமா என்பது தீர்ப்பைப் படித்தால் தெரிந்துவிடும்.

2019-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். உள்ளே இருக்கும் அத்தனை வருடத்தில் இவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் போட்டார்களா? வெளியே வரும் நாளில் எங்கே தங்குவார், யார் கவனிப்பார் என்று கேட்க ஆள் உண்டா? அந்த வேலை கடைசியில் உங்களைப் போன்ற அக்காக்கள் தலையில்தான் விழுகிறது.

விடுதலையான அதே வாரத்தில் அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பார்ப்பதும் மருந்தும் இலவசம். மாதாமாதம் போக வேண்டும், சில வருடங்களுக்கு. குடி இருந்தால் அதையும் சொல்லுங்கள். வேறு குழந்தைக்கு எதுவும் செய்ததாகத் தெரியவந்தால், மருத்துவர் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சட்டம் அப்படி. நகைப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, பள்ளிக்கூடமும் குழந்தைகளும் பக்கத்தில் இல்லாத இடமாக அவருக்கு ஓர் அறை பார்த்துக் கொடுங்கள். மகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். மாமா உட்பட யார் தொட்டாலும், பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் வந்து சொல்லலாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.