ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி இரண்டே வருடத்தில் தளர்ந்துவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: கிடங்கில் 48 வோல்ட் எலெக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட் (சுமை தூக்கும் வண்டி) ஓடுகிறது. பேட்டரி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. முன்பு முழு ஷிப்டும் தாங்கியது, இப்போது மதியத்திலேயே படுத்துவிடுகிறது. விற்றவர் "ஓட்டம் அதிகம்" என்கிறார், ஓட்டுநர்கள் "பேட்டரியே மட்டம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா?

பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரியில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிடங்குகளில் இந்த வண்டிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. நல்ல டியூபுலர் தகடு (நேர்மின் தகடு குழாய் வடிவில் இருப்பது) போட்ட ஈய அமில பேட்டரி ஏறக்குறைய 1,500 முறை சார்ஜ் ஏறி இறங்கத் தாங்கும். நாளைக்கு ஒரு சார்ஜ் என்றால் நான்கைந்து வருடம் வரும். பாதி வழியிலேயே தளர்ந்தால், சுமையை விட்டுவிட்டுச் சார்ஜருக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் செருகி வைக்கும் வழக்கம் உங்களிடம் இருக்கிறதா? செல்போனில் பழகிய கை அப்படித்தான் செய்யும். ஈய அமில பேட்டரிக்கு அது ஆகாது. சார்ஜ் ஏறும்போது தகடுகளிலிருந்து வெளிவரும் கனமான அமிலம் செல்லின் (பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறை ஒவ்வொன்றும் ஒரு செல்) அடியில் போய்த் தங்குகிறது. சார்ஜின் கடைசிக் கட்டத்தில், செல் ஏறக்குறைய 2.4 வோல்ட்டைத் தாண்டிய பிறகு, வாயுக் குமிழிகள் கிளம்பும். அவைதான் அந்த அமிலத்தைக் கலக்கிவிடுகின்றன. பாதியில் பிடுங்கினால் அந்தக் கட்டம் வருவதே இல்லை. அடியில் காட்டமான அமிலம், மேலே நீர்த்த அமிலம் என்று செல் இரண்டு அடுக்காக நிற்கும். பேட்டரி இறங்கும்போது தகட்டில் படியும் சல்பேட்டில் கரையாமல் மிஞ்சுவது நாள்பட இறுகிப் போய், பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது. ஆகவே நாளைக்கு ஒரு சார்ஜ், அதுவும் முழுதாக, இடையில் பிடுங்காமல். எட்டு மணி நேரம் ஓட்டம், எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆற விடுவது என்பது பழைய கணக்கு. மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் ஒரே பேட்டரியை வைத்துக்கொண்டு அதைக் கடைப்பிடிக்க முடியாது. மாற்று பேட்டரி வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சார்ஜில் 80 சதவீதம் செலவானதும் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் பல வண்டிகளில் சுமை தூக்குவது தானாகவே நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள். தூக்காவிட்டாலும் ஓடுகிறதே என்று அதன் பிறகும் ஓட்டினால் தகடும் கெடும், வோல்டேஜ் குறைந்து கரண்ட் கூடுவதால் மோட்டாரும் சூடாகும்.

இனி தண்ணீர். நான் பார்த்தவரை அதிக பேட்டரிகளைக் கெடுப்பது இதுதான், இத்தனைக்கும் இதுதான் மிக எளிய வேலை. சார்ஜின்போது தண்ணீர்தான் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகிறது; அமிலம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனவே ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் அல்லது டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய நீர்) மட்டுமே. "ஆசிட் குறைந்துவிட்டது" என்று சொல்லி ஆசிட் ஊற்ற வருபவரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டிலும் உப்புகள் உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றும் சிக்கனம் வேறு ஒன்று. தூசியும், சுருளிலிருந்து வரும் உலோகத் துணுக்கும் அதோடு சேர்ந்து உள்ளே போகும்.

எப்போது ஊற்றுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜின்போது திரவம் சூடாகி, குமிழியும் சேர்ந்து மட்டம் உயரும். முன்கூட்டியே கழுத்துவரை நிரப்பிவிட்டால் அமிலம் பொங்கி வெளியே வழியும். வழிந்த அமிலம் திரும்ப வராது, அந்தச் செல் அன்றிலிருந்து நீர்த்ததுதான். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டின் மேல்விளிம்பு நனையாமல் வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்குச் சார்ஜுக்கு முன் கொஞ்சம் ஊற்றலாம். மீதி சார்ஜுக்குப் பிறகு.

அடுத்தது ஹைட்ரோமீட்டர், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி. நூறுகளில் கிடைக்கும் கண்ணாடிக் குழாய், லட்சங்களில் வாங்கிய பேட்டரியைப் பற்றி உண்மை பேசும். 48 வோல்ட் என்றால் 24 செல். முழுச் சார்ஜுக்குப் பின் ஒவ்வொன்றிலும் கிராவிட்டி, அதாவது அந்த அடர்த்தி எண், எடுத்து நோட்டில் எழுதுங்கள். 27 டிகிரியில் 1.280க்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான வண்டி பேட்டரிகளுக்குச் சரி. ஒவ்வொரு டிகிரி கூடுதல் சூட்டுக்கும் 0.0007 சேர்த்துக்கொள்ள வேண்டும். 45 டிகிரியில் 1.265 காட்டினால் உண்மையில் அது 1.278. தண்ணீர் ஊற்றிய உடனே எடுக்காதீர்கள், மேலே நிற்கும் புதுத் தண்ணீரை அளந்துவிட்டு வீணாகப் பயப்படுவீர்கள். குழாயில் ஏறும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பு நிறத்தில் சேறுபோலக் கலங்கி வந்தால், நேர்மின் தகட்டின் பொருள் உதிர்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து கிடையாது. கடையில் விற்கும் "உயிரூட்டும்" பொடிகளை நான் நம்புவதில்லை.

உங்கள் நோட்டில் எல்லாச் செல்லும் ஒரேயளவு குறைவாக இருந்தால், அது தொடர்ந்து அரைச் சார்ஜில் ஓடியதன் அடையாளம். ஈக்வலைசிங் சார்ஜ், அதாவது முழுச் சார்ஜுக்குப் பின் குறைந்த கரண்டில் சில மணி நேரம் கூடுதலாக ஏற்றுவது, ஓரளவு மீட்டுத் தரும். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் செய்வது வசதி. ஒன்றிரண்டு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030க்கு மேல் பின்தங்கி, ஈக்வலைசிங்குக்குப் பிறகும் எழவில்லை என்றால், அவற்றை மட்டும் மாற்றலாம். முழு பேட்டரியையும் மாற்றச் சொல்பவரிடம் இந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்கு அடியில், கத்திரி வெயிலில், ஓட்டம் முடிந்த சூட்டோடு சார்ஜில் போட்டால் பேட்டரி எப்படித் தாங்கும்? பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது இந்தத் துறையின் பொதுக் கணக்கு. சார்ஜின்போது வண்டியின் மூடியைத் திறந்தே வையுங்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். திறந்த மூடியும் காற்றோட்டமும் அதற்காகவும்தான். சார்ஜரை அணைத்த பிறகே பிளக்கைப் பிடுங்க வேண்டும். மோதிரம், காப்பு, வாட்ச் எதுவும் கையில் வேண்டாம்.

பேட்டரியின் மேற்பரப்பு ஈரமாக, வெள்ளைப் பொரி படிந்து கிடந்தால் அதன் வழியாகவே கரண்ட் கசியும். மல்டிமீட்டரின் ஒரு முனையை டெர்மினலிலும் மற்றதை இரும்புப் பெட்டியிலும் வைத்தால் தெரிந்துவிடும். மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, டெர்மினலில் வாஸ்லின் தடவுங்கள்.

லித்தியத்துக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று ஷிப்ட் ஓட்டம் என்றால் யோசிக்கலாம்: தண்ணீர் வேண்டாம், சாப்பாட்டு நேரச் சார்ஜும் தாராளமாகப் போடலாம். ஆனால் பழைய சார்ஜர் ஆகாது. எடையையும் பாருங்கள். இந்த வண்டியில் பேட்டரியின் எடையும் சேர்ந்துதான் தூக்கும் சுமைக்கு எதிர்பாரமாக நிற்கிறது. வண்டியின் பெயர்ப்பலகையில் பேட்டரிக்குக் குறைந்தபட்ச எடை போட்டிருக்கும். இலகுவான லித்தியத்தோடு அந்தக் குறையை ஈடுகட்டும் இரும்பையும் வைத்துத்தான் தர வேண்டும். ஒரே ஷிப்ட் என்றால், இப்போதைக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பேன். இந்த வாரம் 24 செல்லின் கிராவிட்டியையும் எடுத்து இங்கே போடுங்கள், செல் மாற்றினால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.