அயடீன் உருகினால் கலப்படமா?

வணக்கம் தங்கச்சி. அயடீன் உருகாமல் நேரே ஆவியாகும் எண்டு படித்தும், மதுசார விளக்கில் சுட்டபோது கறுப்புத் திரவமாகிவிட்டது, கலப்படமோ எண்டு கேட்டிருந்தீர்கள். இல்லை. அயடீன் 114 பாகை செல்சியசில் உருகும், 184இல் கொதிக்கும். நேரடிச் சுவாலை அந்த 114ஐச் சட்டெனத் தாண்டிவிடும்.

உருகாமல் ஆவியாக்க, 250 மில்லிலீற்றர் முகவையில் அரிசியளவு பளிங்குகள் இரண்டு போதும். உள்ளே ஈரம் இருக்கக்கூடாது. பனிக்கட்டி வைத்த கடிகாரக் கண்ணாடியால் மூடி, கொதிக்கவிடாமல் சுடுநீர்த் தொட்டியில் வையுங்கள். ஊதா ஆவி வளியிலும் பாரமானது. முதலில் அடியிலேயே படர்ந்து நிற்கும், பொறுங்கள். பிறகு கண்ணாடியின் அடியில் ஊசி ஊசியாய், மினுங்கும் கருஞ்சாம்பல் பளிங்குகள் படியும். திண்மம் உருகாமல் நேரே ஆவியாகும் இதுதான் பதங்கமாதல்.

யன்னல்களைத் திறந்துவிடுங்கள், ஆவியை முகரவே வேண்டாம். கையில் பட்ட கபிலக் கறைக்குச் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் பூசிக் கழுவுங்கள்.