கேள்வி–பதில்: வீட்டில் செய்த கைரோவும் ரிமோட் ஹெலிகாப்டரும்

ரிமோட் ஹெலிகாப்டர் பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

பழைய 450 சைஸ் ஹெலி ஒன்று கிடைத்திருக்கிறது. ஃப்ளைபார் (பிளேடுகளோடு சுழன்று ஹெலியை நிலைப்படுத்தும் கம்பி) இல்லாத தலை. அதற்கான கன்ட்ரோல் யூனிட் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, எம்பியூ-6050 என்ற கைரோ சென்சார் இரண்டையும் வைத்து நானே செய்துவிட முடியுமா?
– பொறியியல் மாணவர், திருச்சி

முடியும். கணக்கு ஒன்றும் மலைப்பானது இல்லை. ஸ்டிக்கைத் தள்ளும்போது "நொடிக்கு இத்தனை டிகிரி உருளு" என்று நீங்கள் கேட்கிறீர்கள், கைரோ, அதாவது சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார், "இப்போது இத்தனை டிகிரி உருள்கிறேன்" என்று சொல்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கி ஸ்வாஷ்பிளேட்டின் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் சாயும் தட்டு) மூன்று சர்வோக்களுக்கும் (அதை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) பிரித்து அனுப்ப வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் நானோவே இதை நொடிக்கு 250 தடவை தாராளமாகச் செய்யும்.

தொல்லை எல்லாம் கணக்குக்கு வெளியே இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: த்ராட்டில் ஒயர் உங்கள் போர்டு வழியாகப் போகவே கூடாது. ரிசீவரிலிருந்து நேராக ஈஎஸ்சிக்கு, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் யூனிட்டுக்கு. பார்க்க அழகாக இருக்கும், எல்லாச் சேனலும் ஒரே இடத்தில் வரும் என்று பலர் ஐந்து சேனலையும் நானோவுக்குள் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் நானோ உறைந்துபோகும் அன்றைக்கு மோட்டாரை நிறுத்தவும் வழி இல்லாமல் போகிறது.

உறையுமா என்று கேட்பீர்கள். உறையும். சென்சாரோடு பேசும் ஆர்டுயினோவின் வயர் லைப்ரரி, சென்சார் கம்பியில் ஒரு சின்ன இரைச்சல் புகுந்தால் பதிலுக்குக் காத்துக்கொண்டே நின்றுவிடும் என்பது பழைய பிரச்சினை. இதற்காகவே 2020-இல் டைம்அவுட் வசதி சேர்த்தார்கள், ஆனால் நாம்தான் அதை ஆன் செய்ய வேண்டும். வாட்ச்டாக் (போர்டு உறைந்தால் தானாக ரீசெட் செய்யும் வசதி) போட்டுவிடலாமே என்றால், பழைய பூட்லோடர் (போர்டு கிளம்பும்போது முதலில் ஓடும் புரோகிராம்) உள்ள நானோக்கள் வாட்ச்டாக்கில் ரீசெட் ஆகி, மறுபடி ரீசெட் ஆகி, அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடரை ஏற்றுங்கள். ரீசெட் ஆன பிறகு கைரோ தன்னைச் சரிபார்த்துக்கொள்ள அசையாமல் இருக்க வேண்டும், ஆகாயத்தில் அது நடக்காது. ஆகவே அந்தத் திருத்த (ஆஃப்செட்) எண்களைத் தரையிலேயே ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமித்து வைத்து, பறக்கும்போது ரீசெட் ஆனால் அதையே எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும்.

சென்சாரின் தொடக்க அளவு நொடிக்கு 250 டிகிரிதான். வால் ஒரு உதை உதைத்தால் அதைத் தாண்டிவிடும், தாண்டியதும் சென்சார் பொய் சொல்ல ஆரம்பிக்கும். 2000-க்கு மாற்றுங்கள். சர்வோ லைப்ரரி 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் பல்ஸ் அனுப்புகிறது, ஸ்வாஷ்பிளேட்டுக்கு ஒப்பேற்றலாம், வாலுக்குப் போதாது. வாலுக்கு டிஜிட்டல் சர்வோ வாங்கி டைமரை நேராக ஓட்டி 333 ஹெர்ட்ஸில் அனுப்புங்கள். அனலாக் சர்வோவை அந்த வேகத்தில் ஓட்டினால் சூடாகிக் கருகும்.

நான்கு சர்வோவும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது பிஇசியின் (சர்வோவுக்கும் போர்டுக்கும் மின்சாரம் தரும் பகுதி) 5 வோல்ட் சட்டென்று இறங்கும், நானோ அந்த ஒரு கணத்தில் செத்துப் பிழைக்கும். ரிசீவரின் காலி சேனலில் 2200 அல்லது 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் செருகி வையுங்கள். மலிவான காப்பீடு.

அப்புறம் திசை. வீட்டில் செய்த கைரோக்கள் முதல் பறப்பிலேயே உடைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: ப்ளஸ் வர வேண்டிய இடத்தில் மைனஸ். பிளேடுகளைக் கழற்றி, மோட்டாரின் மூன்று ஒயர்களையும் பிரித்துவிட்டு, ஹெலியைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். மூக்கைக் கீழே சாய்த்தால் ஸ்வாஷ்பிளேட் பின்பக்கம் சாய வேண்டும், வலப்பக்கம் உருட்டினால் அது இடப்பக்கம் சாய வேண்டும், மூக்கை இடப்பக்கம் திருப்பினால் நீங்கள் வலது ரடர் கொடுத்தது போல வால் பிளேடுகள் திரும்ப வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் கிளம்பும்போதே கவிழும் அல்லது சுழலும், திருத்த உங்களுக்கு நேரமே இருக்காது.

பிஐடி என்ற திருத்தக் கணக்கில், பிழையைக் கூட்டிவைக்கும் ஐ பகுதியைப் போட்டிருந்தால் இன்னொன்று. தரையில் நிற்கும்போது ஹெலி நகர முடியாது, ஆனால் கணக்கு அது நகரவில்லையே என்று பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும். தூக்கியவுடன் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே பக்கமாக இறங்கும். பிளேடுகளின் கோணம் (பிட்ச்) ஒரு அளவுக்கு மேல் ஏறும் வரை ஐ-யைப் பூஜ்யத்திலேயே வையுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் ஆசை இருந்தால், என் யோசனை இதுதான்: ஃப்ளைபார்லெஸ் தலையை ஓரமாக வைத்துவிட்டு, ஃப்ளைபார் உள்ள பழைய தலை ஒன்று தேடுங்கள். இப்போது யாரும் சீண்டுவதில்லை, மலிவாகவே கிடைக்கும். அதில் வால் கைரோவை மட்டும் முதலில் நீங்களே செய்யுங்கள். உங்கள் போர்டு நின்றால் ஹெலி சுழலும், ஆனால் ஃப்ளைபார் இருப்பதால் சட்டென்று கவிழாது, த்ராட்டில் ஹோல்ட் (மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச்) போட ஒரு நொடியாவது கிடைக்கும். அது நன்றாக ஓடினால் மற்ற இரண்டு அச்சுக்கும் போகலாம்.

ட்ரோன் விட்ட இடத்தில் நிற்கிறது. ஹெலிகாப்டர் மட்டும் ஏன் நிற்பதில்லை? ஃப்ளைபார் என்பது என்ன?
– பள்ளி ஆசிரியை, காரைக்குடி

ட்ரோனும் தானாக நிற்பதில்லை, அதன் கைரோவைப் பிடுங்கிவிட்டால் அடுத்த கணம் கவிழும். வாங்கும்போதே மின்னணு உள்ளே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

ஃப்ளைபார் என்பது பிளேடுகளுக்குக் குறுக்கே சேர்ந்து சுழலும் ஒரு கம்பி. சுழலும் பொருள் தன் தளத்தை விட்டு எளிதில் சாயாது, ஆகவே ஹெலியின் உடல் திடீரென்று சாய்ந்தாலும் கம்பி பழைய தளத்திலேயே இருந்து, இணைப்புகள் வழியாகப் பிளேடுகளின் கோணத்தை மாற்றிச் சாய்வை எதிர்க்கும். இதை வேலை செய்ய வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஆர்தர் யங். 1930-களில் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் உட்கார்ந்து சின்னச் சின்ன மாடல்களைப் பறக்கவிட்டே கண்டுபிடித்தார், 1941-இல் பெல் கம்பெனிக்குப் போனார், அங்கே உருவான பெல் 47 தான் 1946 மார்ச்சில் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர். மாடலில் பிறந்து பெரிய ஹெலிகாப்டருக்குப் போன சமாச்சாரம் இது. யங்கின் இந்த முறைக்குப் பெல் முறை என்று பெயர், கம்பியின் முனையில் துடுப்பு வைத்து அதன் வழியாகவே ஓட்டுவது ஹில்லர் முறை. 1970-ஐ ஒட்டி ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் ரேடியோவில் ஓட்டக்கூடிய ஹெலியை நிஜமாக்கினார், அதற்குப் பிறகு வந்த மாடல்களில் பெல், ஹில்லர் இரண்டும் கலந்த தலைதான் பல வருடம் ஓடியது. இன்று கம்பியின் வேலையை மூன்று அச்சு கைரோ எடுத்துக்கொண்டுவிட்டது.

மகனுக்கு 11 வயது. சொந்தக்காரர் ஒருவர் 450 ஹெலியைப் பரிசாகக் கொடுத்துவிட்டார். எங்கள் மொட்டைமாடி பெரியது, அங்கே ஓட்டலாமா?
– ஒரு தகப்பனார், மதுரை

வேண்டாம். மாடி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 450-இன் ரோட்டார் விட்டம் சுமார் 71 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால் பிளேடு முனையின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 375 கிலோமீட்டர். பொம்மை என்ற சொல்லே இதற்குப் பொருந்தாது. இதைவிடப் பெரிய 700 சைஸ் ஹெலி ஒன்று 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில் அதை ஓட்டிக்கொண்டிருந்த 19 வயது இளைஞரின் தலையில் அடித்து அவர் அங்கேயே இறந்தார். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அவர். 450 சின்னது என்றாலும் கண்ணுக்கும் விரலுக்கும் கழுத்துக்கும் அது போதும்.

பையனுக்கு உள்ளங்கை அளவு, 50 கிராமுக்குள் உள்ள ஹெலி ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஹாலிலேயே ஓட்டட்டும். கூடவே கம்ப்யூட்டரில் சிமுலேட்டர். மூக்கு தன்னைப் பார்த்திருக்கும்போது இடதும் வலதும் மாறிவிடும் அல்லவா, அந்தக் குழப்பம் விரலை விட்டுப் போகும் வரை 450 அலமாரியில் இருக்கட்டும்.

பிறகு ஓட்டும் நாள் வந்தால், காலி மைதானம், நீங்கள் கூடவே. குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாம் ஓட்டுகிறவருக்குப் பின்னால், பக்கவாட்டில் யாரும் கிடையாது. முதலில் கையிலிருக்கும் ரேடியோவை ஆன் செய்து, த்ராட்டில் ஹோல்ட் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஹெலியில் பேட்டரி. கழற்றும்போது நேர்மாறு. சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரில் ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறதா என்று, பிளேடுகளையும் மோட்டார் பினியனையும் (மோட்டாரின் சின்னப் பற்சக்கரம்) கழற்றிவிட்டு, ரேடியோவை அணைத்துச் சோதியுங்கள். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு நிற்கும், அதாவது மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தரை இறங்கிய பிறகும் பிளேடு முழுதாக நிற்கும் வரை கிட்டே போகக் கூடாது. பசங்களுக்கு இதுதான் கஷ்டம், ஓடிப்போய் எடுப்பார்கள்.

கைரோ போர்டு செய்து முடித்தேன். மேசையில் அருமையாக வேலை செய்கிறது, மோட்டாரை ஓட்டினால் ஸ்வாஷ்பிளேட் நடுங்குகிறது. சென்சாரில் அதிர்வை வடிகட்டும் ஃபில்டரை 5 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தேன். நடுக்கம் போய்விட்டது, ஆனால் ஹோவரில் (ஒரே இடத்தில் மிதக்கும்போது) ஹெலி ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது.
– எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், ஓசூர்

ஃபில்டர்தான் ஆட்டுகிறது. எம்பியூ-6050-இல் 5 ஹெர்ட்ஸ் வைத்தால் கைரோ செய்தி 18.6 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். நடந்து முடிந்ததற்கு உங்கள் போர்டு இப்போது எதிர்வினை செய்கிறது, அது போய்ச் சேரும்போது ஹெலி எதிர்ப்பக்கம் கிளம்பியிருக்கும். 42 ஹெர்ட்ஸில் தாமதம் 4.8, 98-இல் 2.8. இந்த இரண்டுக்குள் ஒன்றில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் 2400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று, இரண்டு பிளேடு கடப்பது 80, வால் ரோட்டார் சுற்றுவது அந்த 40-ஐப் போல நாலு மடங்குக்கும் மேல். 40-இல் வரும் அதிர்வை 42-இல் வைத்த ஃபில்டர் எப்படித் தடுக்கும்? ஆகவே அதிர்வைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். இரண்டு பிளேடின் எடையும் ஈர்ப்பு மையமும் ஒத்திருக்கிறதா, டிராக்கிங் (இரண்டும் ஒரே உயரத்தில் சுற்றுவது) சரியா, ஃபெதரிங் ஷாஃப்ட் (பிளேடுகளைத் தாங்கும் குறுக்குத் தண்டு) வளைந்திருக்கிறதா. கண்ணாடித் தகட்டில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும், மெயின் ஷாஃப்டையும் அப்படியே பாருங்கள். ஒரு தடவை விழுந்த ஹெலி என்றால் ஷாஃப்டைச் சந்தேகப்படாமல் இருக்கவே கூடாது.

அப்புறம் போர்டை எதில் ஒட்டியிருக்கிறீர்கள்? இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப் போதும். ஆனால் அதிலிருந்து வரும் ஒயர்கள் விறைப்பாக இருந்தால் அதிர்வு ஒயர் வழியாகவே போர்டுக்கு வந்துவிடும். மெல்லிய ஒயர் போட்டுத் தொங்கலாக விடுங்கள்.

ஆக்ஸிலரோமீட்டரையும் (சாய்வை அறிய உதவும் சென்சார்) சேர்த்து, ஸ்டிக்கை விட்டால் தானாக நேராகும்படி எழுதினேன். நேராகத்தான் நிற்கிறது, ஆனால் எப்போதும் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. சென்சார் கோளாறா?
– வாசகர், சேலம்

கோளாறு இல்லை, ஹெலிகாப்டரின் இயல்பே அது. மேலிருந்து பார்க்க உங்கள் ரோட்டார் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று நினைக்கிறேன், மாடல்களில் பெரும்பாலும் அப்படித்தான். உடல் எதிர்ப்பக்கம் சுழலாமல் இருக்க வால் ரோட்டார் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் முழு ஹெலியையும் இடப்பக்கம் நகர்த்தும். ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால் ஹெலி லேசாக வலப்பக்கம் சாய்ந்தே இருக்க வேண்டும். உங்கள் புரோகிராமில் பூஜ்யம் என்று வைத்திருப்பதை ஓரிரு டிகிரி வலப்பக்கம் மாற்றிப் பாருங்கள். காற்று தள்ளினால் அப்போதும் நகரும், சென்சாருக்குச் சாய்வுதான் தெரியும், இடம் தெரியாது.

லைசென்ஸ் வேண்டுமா?
– பலர்

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை, 450 அதற்குள் வரும். வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டினால் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் இடம் முக்கியம். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சையா (முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பகுதியா) என்று பாருங்கள், பச்சையிலும் 400 அடிதான் உச்சவரம்பு. விமான நிலையம் பக்கத்தில் உள்ள ஊர்க்காரர்கள் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

பிளேடு முனையில் சின்னதாக ஒரு சில்லு போய்விட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டி ஓட்டலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. இரண்டு பிளேடையும் ஜோடியாக மாற்றுங்கள். பழையதை உடைத்துக் குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கை அதையே தேடும்.