மெக்சிகோ மண்டையோட்டு ஓவியங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, இந்த மண்டையோடுகளை வரையும் மெக்சிகோவின் 'இறந்தோர் நாள்' விழாவும் ஹாலோவீனும் ஒன்றுதானே?

பதில்: இல்லைம்மா, தேதிதான் பக்கத்தில் வருகிறது. நவம்பர் 1 இறந்துபோன குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. அன்று அவர்கள் வீட்டுக்கு வருவதாக நம்பிக்கை. வருகிறவர்களை வரவேற்கத்தான் இத்தனை நிறமும்.

கேள்வி: பெரிய தொப்பி போட்ட எலும்புப் பெண் யார்?

பதில்: கத்ரீனா. மெக்சிகோ அச்சோவியர் ஹோசே குவாதலூப்பே பொசாதா 1910ஐ ஒட்டித் துத்தநாகத் தகட்டில் உருவாக்கியவள். சொந்த மண்ணின் வேரை மறைத்து ஐரோப்பியப் பகட்டு காட்டியவர்களைக் கேலி செய்த படம் அது. அதில் தலையும் பூவும் இறகும் வைத்த தொப்பியும்தான் இருக்கும். முழு உடலும் நீண்ட உடையும் தந்தவர் தியேகோ ரிவேரா, 1947இல் மெக்சிகோ நகரில் வரைந்த சுவரோவியத்தில். அதில் கத்ரீனா ஒரு பக்கம் பொசாதாவோடு கைகோத்து நிற்கிறாள். மறுபக்கம் அவள் கையைப் பிடித்திருக்கும் சிறுவன் ரிவேராவேதான். பொசாதா 1913இல் வறுமையில் இறந்தவர். ஓவியர் ஓவியருக்குச் செய்த இந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: சில மண்டையோடுகளின் நெற்றியில் பெயர் இருக்கிறதே?

பதில்: அவை சர்க்கரையை அச்சில் வார்த்துச் செய்பவை. இறந்தவர் பெயரை எழுதிப் படையலில் வைப்பார்கள். உயிரோடு இருக்கும் நண்பரின் பெயரை எழுதிப் பரிசாகவும் கொடுப்பார்கள்.

கேள்வி: அந்த ஆரஞ்சுப் பூ?

பதில்: நம் செண்டுமல்லியேதான், துலுக்கச் சாமந்தி என்போமே. அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். நிறமும் மணமும் இறந்தவருக்கு வழிகாட்டும் என்று வாசலிலிருந்து படையல் வரை இதழ்களைத் தூவுவார்கள்.

கேள்வி: வரைய எப்படித் தொடங்குவது?

பதில்: கருப்பு அட்டையில் வெள்ளை அக்ரிலிக் நன்றாக எடுக்கும். முதலில் பென்சிலால் நடுக்கோடு. கண்குழியைச் சுற்றி இதழ்கள், மூக்குக்குத் தலைகீழ் இதயம், நெற்றியில் பூவோ சிலந்தி வலையோ. புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம். வாயின் ஓரங்களைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், சிரிப்பு வந்துவிடும். ரத்தமும் கத்தியும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பாட்டி நினைவாக வரைய ஆசை. அம்மா அபசகுனம் என்கிறார்.

பதில்: அம்மா மனம் நோக வேண்டாம். முதலில் அவரிடம் கத்ரீனா படத்தைக் காட்டிப் பேசுங்கள். அப்புறம் பாட்டியின் மூக்குத்தி, அவர் விரும்பிச் சூடிய பூ எதுவென்று கேட்டு அதை ஓவியத்தில் சேருங்கள். கூடத்தில் மாட்ட அம்மா சம்மதிக்காவிட்டால் உங்கள் மேசையில் இருக்கட்டும்.