டம்ளரில் தொடங்குங்கள்: ஓவிய வாத்தியாரின் ஞாயிறு கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் 31 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மதியம் இரண்டு மணி முதல் ஐந்து வரை இங்கே இருப்பேன். பென்சில், வாட்டர் கலர், வீட்டில் பிள்ளைகளோடு செய்யும் வேலைகள் பற்றிக் கேளுங்கள். ஆயிலும் கம்ப்யூட்டரும் எனக்குத் தெரியாது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஷேடிங்கை விரலால் தேய்க்காதீர்கள்.

கேள்வி (42 வயது, இல்லத்தரசி): பள்ளிக்கூடத்தோடு பென்சிலை விட்டவள் சார். ஒரு நேர்க்கோடுகூட வராது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நேர்க்கோடு எனக்கும் வராதம்மா. அதற்குத்தான் ஸ்கேல் விற்கிறார்கள். நீங்கள் சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து மேசையில் வையுங்கள். கை எட்டும் தூரம் போதும்.

டம்ளரின் வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிவது வட்டம் அல்ல, அமுக்கிய முட்டை வடிவம். இதை வரையும்போது புதியவர்கள் எல்லோரும் இரண்டு தப்பு செய்வார்கள். ஒன்று, இரண்டு ஓரத்தையும் படகு மாதிரி கூராக முடிப்பார்கள். கூர்மையே கிடையாது, ஓரத்திலும் கோடு வளைந்துதான் திரும்புகிறது. இரண்டு, அடியை நேர்க்கோடாக இழுத்துவிடுவார்கள். டம்ளர் மேசையில் தட்டையாக நிற்கிறது என்று மனசுக்குத் தெரியுமே, அதனால் கை தட்டையாகப் போட்டுவிடும்.

இப்போது டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்குங்கள். வாய் ஒரு கோடாகிவிடும். மெதுவாக இறக்குங்கள். கோடு திறந்து திறந்து வட்டத்தை நோக்கிப் போகும். ஆக, கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு உருண்டை. அடி வாயைவிடக் கீழே இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக உருண்டிருக்க வேண்டும். கண்ணாடி டம்ளர் என்று நினைத்து அடியையும் முழுசாகப் போட்டுவிட்டு, பின்பக்கத்தை அழித்துவிடுங்கள்.

எவர்சில்வருக்கு ஷேடு கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்கிக்கொண்டு போக வேண்டாம். உற்றுப் பார்த்தால் கருப்பும் வெள்ளையும் நெடுக்குப் பட்டைகளாக, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். ஜன்னல் ஒரு பட்டை, உங்கள் புடவை ஒரு பட்டை. அப்படியே போடுங்கள், உலோகம் தானாக வந்துவிடும். ஒரு வாரம், தினம் பத்து டம்ளர். உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை. கண்தான் பார்க்காமல் ஊகிக்கிறது.

கேள்வி: என்ன பென்சில், என்ன பேப்பர் வாங்கலாம்?

எச்பி, 2பி, 6பி. இந்த மூன்று போதும். பி-க்கு முன்னால் எண் ஏற ஏறக் களிமண் குறைந்து கிராஃபைட் கூடும், அதனால் கருமையும் மென்மையும் கூடும். பழகுவதற்கு ஜெராக்ஸ் பேப்பர், ஷேடிங்குக்குக் கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் பேப்பர். பன்னிரண்டு பென்சில் பெட்டி வாங்காதீர்கள். ஒன்பது அப்படியே கிடக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஷேடிங் திட்டுத் திட்டாக, அழுக்காகத் தெரிகிறது. வீடியோவில் எல்லோரும் விரலால்தானே தேய்க்கிறார்கள்?

வந்துவிட்டதா! தம்பி, விரலில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. காகிதத்தில் அது பட்ட இடத்தில் கிராஃபைட் ஒருமாதிரியாகவும் படாத இடத்தில் வேறுமாதிரியாகவும் ஒட்டும். அந்தத் திட்டு அப்புறம் ரப்பர் போட்டாலும் முழுசாகப் போகாது. தேய்த்தே ஆகவேண்டுமென்றால் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டிக்கொள்ளுங்கள், இல்லை காது குடையும் பட்ஸ். அதைவிட நல்லது, பென்சிலை நுனியில் பிடிக்காமல் தள்ளிப் பிடித்து, லேசான கோடுகளை ஒரே திசையில் மூன்று நான்கு அடுக்காகப் போடுவது. வரையும் கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். பாதி அழுக்கு உள்ளங்கையால் வருவது.

கேள்வி: முகம் வரைந்தால் எப்போதும் நெற்றியே இல்லாமல் வருகிறது.

கண்ணை ரொம்ப மேலே வைக்கிறீர்கள். உச்சந்தலையிலிருந்து தாடைவரை அளந்தால் கண் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கும். நம்ப முடியாவிட்டால் கண்ணாடி முன் நின்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். முடியையும் மண்டையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குழந்தை முகமென்றால் கண் பாதிக்கும் கீழே இறங்கும்.

கேள்வி (ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா): லீவில் பையனை மொபைலிலிருந்து பிரிக்க ஏதாவது சொல்லுங்கள். கடையில் எதுவும் வாங்காமல்.

மஞ்சள்தூள் இருக்கிறதல்லவா? மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். ஸ்பிரிட் வாடை அடிக்கிற, தண்ணீர் போன்ற சானிடைசர் கொஞ்சம் விட்டால் நிறம் நன்றாக இறங்கும். அடுப்புப் பக்கம் வேண்டாம், இந்தக் கலவையை நீங்களே செய்து கொடுங்கள். வெள்ளைக் காகிதம் முழுக்கப் பூசிக் காயவையுங்கள். அப்புறம் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பட்ஸால் தொட்டு வரையச் சொல்லுங்கள். தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பாக மாறும். எலுமிச்சைச் சாறு தொட்டு அதன்மேல் வைத்தால் திரும்ப மஞ்சள். அழிரப்பர் மாதிரி! ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. வெயில் படுகிற இடத்தில் மாட்டினால் மஞ்சள் வெளுத்துவிடும், அதையும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அழுவான்.

இன்னொன்று: வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சு. பெரும்பாலும் ஐந்து இதழ்ப் பூ விழும். வெட்டியதும் முக்காதீர்கள், வழவழப்பில் கலர் ஒட்டாது. அரைமணி ஆறவிட்டுத் துணியில் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: மெழுகுவர்த்தியால் வரையலாம் என்கிறார்களே?

வரையலாம். வெள்ளை மெழுகால் அழுத்திக் கோடு போட்டு, மேலே நீர்த்த வாட்டர் கலர் பூசினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் கிட் வாங்கினேன், கல் ஒட்டவில்லை.

எனக்கு அதில் கைப்பழக்கம் இல்லை. தஞ்சாவூர் ஓவியம் கற்றுத் தருபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எந்தப் பென்சில் நல்லது சார்?

இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி (ஐடி வேலை, பொழுதுபோக்கு ஓவியர்): கட்டம் போட்டுப் படம் பெருசாக்கி வரைகிறவர்களையெல்லாம் ஓவியர் என்கிறோம். என்னைப் பொறுத்தவரை அது திருட்டுத்தனம். உங்கள் கருத்து?

என் கருத்தைச் சொல்வதற்குள் பதினான்கு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சுருக்கமாகத் தருகிறேன்.

ஒருவர்: "என் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். ஸ்டில் போட்டோவில் கட்டம், துணியில் சாக்பீஸால் பெரிய கட்டம். இருபதடி முகத்தைக் கிட்ட நின்று வரைகிறவனுக்குத் தன் முன்னால் இருப்பது மூக்கா கன்னமா என்றே தெரியாது. வந்து வரைந்து பாருங்கள், அப்புறம் திருட்டு என்று சொல்லுங்கள்."

இன்னொருவர்: "புள்ளி வைத்துக் கோலம் போடுகிற அம்மாவும் திருடியா?"

கேட்டவர் விடவில்லை: "கோலத்தில் புள்ளி எதையும் காப்பியடிக்க உதவவில்லை. கட்டம் போட்டோவைக் காப்பியடிக்க மட்டுமே உதவுகிறது. இரண்டும் ஒன்றா?"

நல்ல அடி. அதை ஒப்புக்கொள்கிறேன். சிக்குக் கோலத்தில் புள்ளிதான் கோலத்தையே பிறப்பிக்கிறது. நேர்ப்புள்ளி வைத்தால் ஒரு கோலம், ஊடுபுள்ளி வைத்தால் வேறு கோலம். போட்டோ மேல் போடும் கட்டம் அப்படி எதையும் பிறப்பிக்காது.

ஆனால் திருட்டு என்ற வார்த்தை எனக்கு ஒப்பவில்லை. பழைய எகிப்தியர்கள் நிற்கும் மனித உருவத்தைப் பாதத்திலிருந்து முன்நெற்றி முடிவரை 18 கட்டமாகப் பிரித்துச் சுவரில் வரைந்தார்கள். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் வரைவதற்கான கருவிகளைப் படத்தோடு விளக்கி 1525-இல் புத்தகமே போட்டார். கட்டம் கட்டிய சட்டத்தின் வழியே பார்த்து வரையும் ஆளின் படம் அவருடையதுதான். பேனர்காரர் கட்டத்தில் வரைந்தது அவுட்லைனை மட்டும். அந்த முகத்துக்குப் பச்சையும் ஊதாவும் கலந்து நிழல் கொடுத்தது கட்டமா?

என் சண்டை வேறு இடத்தில். வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நடிகர் முகத்தைக் கட்டம் போட்டு அச்சாக வரைவான், பரிசெல்லாம் அவனுக்கு. ஒருநாள் மேசைமேல் என் குடையை வைத்து, வரைடா என்றேன். முக்கால் மணி நேரம் ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தான். குடைமேல் கட்டம் போட முடியாதே. தப்பு என்னுடையது. மூன்று வருடம் பரிசு வாங்குகிறான் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். ஆகவே, படத்தைப் பெருசாக்கக் கட்டம் போடுங்கள், கண்ணைப் பழக்கக் கட்டம் போடாதீர்கள். போட்டோவைத் தலைகீழாக வைத்து வரைந்து பாருங்கள். மூக்கு, வாய் என்ற பெயர் மறந்து வெறும் வடிவம் தெரியும். கட்டத்தைவிட அது நல்ல வாத்தியார்.

மொபைலைக் கண்ணாடி மேல் வைத்து டிரேஸ் எடுப்பது பற்றி அதற்குள் ஆறு பேர் ஆரம்பித்துவிட்டார்கள். போதும், மணி நாலரை.

கேள்வி: அரசு டிராயிங் தேர்வு, லோயர் எழுதலாமா, ஹையர் எழுதலாமா?

இந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். நான் வெளியே வந்து நாளாகிவிட்டது.

கேள்வி: சார், பென்சில் செட் எது வாங்க?

எச்பி, 2பி, 6பி. மூன்றாவது தடவை.

கேள்வி: முடித்த பென்சில் ஓவியம் கலையாமலிருக்க ஹேர் ஸ்பிரே அடிக்கலாமா?

பிள்ளைகள் படத்துக்கு அடியுங்கள். பத்திரமாக வைக்க வேண்டிய படத்துக்கு ஃபிக்ஸேட்டிவ் என்றே கடையில் கேளுங்கள், ஹேர் ஸ்பிரே நாளடைவில் பழுப்பேறலாம். ஜன்னலைத் திறந்துவைத்து அடியுங்கள். அதற்கு முன், எங்கேயாவது விரலால் தேய்த்திருக்கிறீர்களா?

கேள்வி (முதலில் கேட்ட இல்லத்தரசி): நாலு டம்ளர் வரைந்துவிட்டேன் சார், போட்டோ அனுப்பியிருக்கிறேன். அடி உருண்டையாக வந்தது. ஆனால் டம்ளர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

பார்த்தேன். அடி அருமை. சாய்வுக்குக் காரணம், நடுவில் ஒரு செங்குத்துக் கோடு லேசாகப் போட்டுக்கொள்ளாமல் இடது ஓரத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறீர்கள். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சம தூரத்தில் குறி வைத்துவிட்டு அப்புறம் ஓரத்துக்குப் போங்கள். மூன்றாவது டம்ளரின் வலது ஓரத்தில் ஒரு கருப்புத் திட்டு தெரிகிறதே, அது உங்கள் விரல்தானே?